திரும்பி வந்தவருக்கும் ஒரு பொன்னாடை

ஆவணி மாதம் நெருங்கிவிட்டால், தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "இந்த வருஷம் எந்த மலைக்கு?" என்பதுதான் அது. ஊரிலிருந்து மாமனாரோ மாமியாரோ பெரியம்மாவோ வந்து இறங்குவார்கள். டில்லி வரை வந்தாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் இமயமலை. காசி, ஹரித்துவாரம், பத்ரி எல்லாம் பார்த்தவர்கள் அடுத்தபடியாக மேலே போக ஆசைப்படுவார்கள். அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் நாம். ஹிந்தி நமக்குத் தெரியும், ரயில் நேரம் நமக்குத் தெரியும், எந்த ஊரில் எங்கே தங்கலாம் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே எல்லாம் நமக்குத் தெரியும் என்று அவர்களும் நம்புகிறார்கள், நாமும் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இன்று நம் வாசக அன்பர்களுடன் சிறிது மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

2024-ஆம் ஆண்டு நான் என் சித்தப்பாவை மணிமகேஷ் ஏரிக்கு அழைத்துச் சென்றேன். அழைத்துச் சென்றேன் என்று எழுதினாலும், ஏரிவரை அழைத்துச் செல்லவில்லை. அதுதான் விஷயமே.

மணிமகேஷைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இமாசலப் பிரதேசத்தில் சம்பா மாவட்டத்தில், சுமார் 4,080 மீட்டர் உயரத்தில், அதாவது 13,000 அடிக்கும் மேலே உள்ள சிறிய ஏரி அது. அதற்கு எதிரே 5,653 மீட்டர் உயரத்தில் மணிமகேஷ் கயிலாயச் சிகரம் நிற்கிறது. சிவபெருமானின் இருப்பிடம் என்று அந்தப் பகுதி மக்கள் போற்றும் அந்தச் சிகரத்தின் உச்சியில் இதுவரை யாரும் கால் வைத்ததில்லை என்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் கிருஷ்ண ஜெயந்தி தொடங்கி ராதாஷ்டமி வரை, ஏறத்தாழ பதினைந்து நாட்கள் அங்கே யாத்திரை நடைபெறும். பதான்கோட்டில் ரயிலை விட்டு இறங்கி, சம்பா வழியாகப் பர்மோர் என்ற ஊரை அடைய வேண்டும். அங்கே சௌராசி என்ற கோயில் வளாகம் இருக்கிறது. சௌராசி என்றால் எண்பத்து நான்கு. ஊரின் நடுவில் அத்தனை சந்நிதிகள். பர்மோரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டரில் ஹட்சர். வண்டிப் பாதை அங்கே முடிகிறது. அதன் பிறகு பதின்மூன்று கிலோமீட்டர் நடை. தஞ்சோ, சுந்தராசி, கௌரி குண்டம் ஆகியவற்றைக் கடந்தால் ஏரி.

என் சித்தப்பா திருவையாற்றுக்காரர். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. கயிலாயம் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் நம் அரசாங்கம் நடத்தும் மானசரோவர் யாத்திரைக்கு எழுபது வயதுதான் வரம்பு. போதாக்குறைக்கு 2020 முதல் அந்த யாத்திரையே நின்று போயிருந்தது, 2025-இல்தான் மீண்டும் தொடங்கியது. "அந்தக் கயிலாயம் இல்லாவிட்டால் போகிறது, இதுவும் கயிலாயம்தானே சித்தப்பா" என்று சொல்லி அவரைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வரவழைத்தவன் நான்தான். தினமும் காலையில் காவிரிக்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

எனக்குக் கிடைத்தது மூன்று நாள் கேஷுவல் லீவு. முன்னும் பின்னும் சனி, ஞாயிறு. வெள்ளி இரவு டில்லியில் ரயில் ஏறினோம். நான், என் மனைவி, மகள், சித்தப்பா, எங்கள் காலனியிலிருந்து இன்னும் இரண்டு குடும்பங்கள். சனிக்கிழமை இரவு பர்மோரில் படுக்கை. ஞாயிறு காலை ஹட்சரிலிருந்து நடை, இரவு தஞ்சோவில் கூடாரம். திங்கட்கிழமை ஏரி. டில்லி சுமார் 700 அடி உயரத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து 13,000 அடிக்கு மூன்று நாளில் போய்விடத் திட்டம் போட்டேன். இன்று யோசித்தால், அந்த மலையை எவ்வளவு வேகத்தில் ஏற வேண்டும் என்பதை என் லீவுக் கணக்கு தீர்மானித்திருக்கிறது. மலையையோ சித்தப்பாவையோ யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகவே கழிந்தது. வழியெங்கும் பக்தர்கள் நடத்தும் லங்கர்கள். ராஜ்மா சாதம், பூரி, அல்வா, தேநீர் என்று கையைப் பிடித்து இழுத்து உபசரிக்கிறார்கள். தஞ்சோவில் ஒரு நீர்வீழ்ச்சி. பஸ்மாசுரனுக்குப் பயந்து சிவபெருமான் அந்த அருவிக்குப் பின்னால் மறைந்திருந்தார் என்பது கதை. சித்தப்பா அதைக் கேட்டு, "வரம் கொடுத்தவரே ஓடி ஒளிய வேண்டியிருக்கிறது பார்" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை காலை அவர் காபி வேண்டாம் என்றார். பிளாஸ்கில் கொண்டுபோன டிகாக்ஷன், லங்கரில் கேட்டு வாங்கிய பால். தஞ்சாவூர் ஜில்லாக்காரர் ஒருவர் காபியை மறுக்கிறார் என்றால், அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். "ராத்திரி சரியாகத் தூக்கமில்லை, லேசாகத் தலைவலி" என்றார். மங்கி குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார். சுந்தராசியை நெருங்கும்போது அவருடைய நடை மாறியது. கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் போயிற்று. என் மகள்தான் முதலில் கவனித்தாள். "தாத்தா ஏன்ப்பா தள்ளாடறார்?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கல்லும் முள்ளும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அங்கே ஒரு மருத்துவ முகாம் இருந்தது. இளம் வயது டாக்டர். விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார். பிறகு தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலும் கால் விரலும் ஒட்டும்படியாக அந்தக் கோட்டின் மேல் பத்து அடி நடந்து காட்டச் சொன்னார். சித்தப்பாவால் மூன்றாவது அடியைக் கூட வைக்க முடியவில்லை. "இவரை உடனே கீழே கொண்டு போங்கள்" என்றார் டாக்டர்.

வாசகர்களே, இதற்கு அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "டாக்டர் சாப், இன்னும் கொஞ்ச தூரம்தானே? குதிரையில் உட்கார வைத்து ஒரு தரிசனம் மட்டும் செய்துவிட்டு இறங்கிவிடுகிறோமே?" என்று கெஞ்சினேன். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறார், இனிமேல் வர முடியாது என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அந்த இளைஞர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "மேலே ஏரி இருக்கிறது, ஆஸ்பத்திரி இல்லை" என்றார். அவ்வளவுதான்.

மனைவியையும் மகளையும் மற்ற குடும்பங்களோடு மேலே அனுப்பிவிட்டு, சித்தப்பாவைக் குதிரையில் ஏற்றி, ஒரு பக்கம் குதிரைக்காரரும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். குதிரைக்காரர் அந்தப் பகுதி கத்தி இனத்தைச் சேர்ந்தவர். பரம்பரையாக ஆடு மேய்த்து மலையிலேயே வாழ்கிறவர்கள். வழி நெடுகச் சித்தப்பாவிடம் ஏதாவது பேசிக்கொண்டே வந்தார். ஹிந்தி தெரியாத சித்தப்பாவும் தலையாட்டிக்கொண்டே வந்தார். தூங்க விடாமல் பேசினார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தஞ்சோ வந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. மாலையில் ஹட்சரை அடைந்தபோது தலைவலி போய்விட்டது. இரண்டு ரொட்டி சாப்பிட்டார். "காபி கிடைக்குமா தம்பி?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டு எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மறுநாள் பர்மோரில் சௌராசி கோயில்களைச் சுற்றிப் பார்த்தோம். அங்கே தர்மராஜாவுக்கு, அதாவது எமனுக்கு, ஒரு சந்நிதி உண்டு. சித்தப்பா அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "நேற்று என் பேரேட்டைத் திறந்திருப்பார், உன் டாக்டர் போய் மூடிவிட்டார்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். டில்லி திரும்பிய இரண்டு வாரத்தில் நம்மவர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சி. அந்த ஆண்டு யாத்திரை போய்வந்தவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். என் மனைவிக்கும் மகளுக்கும் கிடைத்தது. சித்தப்பா கீழே உட்கார்ந்து கைதட்டினார். அதில் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஆனால் பிறகு சாப்பாட்டுப் பந்தியில், ஒருவர் மாற்றி ஒருவராக அவரிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி. "அவ்வளவு தூரம் போயும் பார்க்கவில்லையா? அடடா! எல்லாவற்றுக்கும் பாக்கியம் வேண்டும் சார்." இன்னொருவர், "அவன் கூப்பிட்டால்தான் போக முடியும்" என்றார். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் உயிர் பிழைத்து வந்தவர் ஒருவர், ஏதோ தவறு செய்துவிட்டவரைப் போல் தலை குனிந்து மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் கருத்து இதுதான்: மலையில் நம் பெரியவர்களுக்கு வரும் ஆபத்தில் பாதி, இந்தப் 'பாக்கியம்' என்ற பேச்சிலிருந்து வருகிறது. காரணம், திரும்பிப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் மேலே ஏறும்போதே உடன் வருகிறது. தலைவலியை மறைக்க வைக்கிறது. வாந்தியை மறைக்க வைக்கிறது. மாப்பிள்ளை செலவு செய்து அழைத்து வந்திருக்கிறார், அவருக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்று மாமியார் வாய் திறப்பதில்லை. டாக்டரிடம் சொல்லலாம் என்றால் பாஷை தெரியாது. அவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவே இருப்பவர் நாம் ஒருவர்தான். நாமே 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று சொன்னால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

இதற்கு வழக்கமாக வரும் மறுமொழிகள் சில உண்டு. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

"அந்த ஊர்க் கிழவிகள் செருப்பில்லாமல் ஏறுகிறார்களே" என்பார்கள். உண்மைதான். நானே பார்த்தேன். ஆனால் பர்மோரே சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அவர்கள் பிறந்ததே அந்தக் காற்றில். பத்ரவா போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்கள் மலை மலையாக நடந்து பல நாள் கழித்து ஏரியை அடைகிறார்கள். சம்பாவிலிருந்து கிளம்பும் புனிதத் தடி ஊர்வலமும் அப்படி ஊர் ஊராகத் தங்கித்தான் வருகிறது. முன்னோர்கள் வகுத்த யாத்திரை மெதுவான யாத்திரை. நடந்து நடந்து உடம்பு மலைக்குப் பழகியது. நாம்தான் அதை டாக்சியாலும் லீவுக் கணக்காலும் சுருக்கிவிட்டோம். யாத்திரையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதன் நிதானத்தை விட்டுவிட்டோம்.

"அதற்குத்தான் ஹெலிகாப்டர் இருக்கிறதே" என்பார்கள். யாத்திரைக் காலத்தில் பர்மோரிலிருந்து கௌரி குண்டம் வரை ஹெலிகாப்டர் விடுகிறார்கள். நிமிஷக் கணக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முழங்காலுக்குச் செய்யும் உபகாரத்தை அது மூளைக்கும் நுரையீரலுக்கும் செய்வதில்லை. ஏரியின் உயரத்தில் நம் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். 7,000 அடியிலிருந்து ஒரே தாவலில் அங்கே போய் இறங்கும் உடம்புக்குப் பழகிக்கொள்ள நேரமே இல்லை. ஹெலிகாப்டரில் போவதானால் முன்னதாகப் பர்மோரில் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டும். மேலே போனதும் தரிசனத்தை முடித்துக்கொண்டு அன்றே இறங்கிவிட வேண்டும்.

"இறைவன் பார்த்துக்கொள்வான்" என்பது மூன்றாவது. அந்த முகாமில் அந்த டாக்டரை உட்கார வைத்தது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

சரி, பாக்கியத்தைப் பற்றியே பேசுவோம். என் மனைவி ஏரியைப் பார்த்தாள். பெண்கள் நீராடும் கௌரி குண்டத்தில் நீராடினாள். ஏரிக்கரையில் கோபுரமோ மண்டபமோ இல்லை, திறந்த வெளியில் நான்கு முகச் சிவன், நட்டு வைத்த திரிசூலங்கள், கொடிகள், உறைய வைக்கும் தண்ணீர், அவ்வளவுதான் என்றாள். ஆனால் கயிலாயச் சிகரத்தை அவள் பார்க்கவில்லை. அன்று முழுவதும் மேகம் மூடியிருந்தது. சிகரம் மேகத்தில் மறைந்திருந்தால் சுவாமிக்கு மனமில்லை என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அன்று ஏறிய ஆயிரக்கணக்கானோரும் பாக்கியம் இல்லாதவர்களா? அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது யாரும் அதைக் கேட்கவில்லையே!

நம் தமிழ் மரபு இந்த விஷயத்தில் எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது என்பதை எனக்கு நினைவூட்டியவர் சித்தப்பாதான். பந்தி முடிந்து வீடு திரும்பும் வழியில் சொன்னார். "கயிலாயம் போனவர்கள் கதையை யோசித்துப் பார் தம்பி. சுந்தரர் வெள்ளை யானையில் போனார். சேரமான் குதிரையில் போனார். காரைக்கால் அம்மையார் அந்த மலையில் கால் படக் கூடாது என்று தலையால் நடந்தார். அப்பர் மட்டும் நடந்து போய்ப் பாதியில் நின்றுவிட்டார். நாலு பேரில் யாரைச் சேக்கிழார் குறைத்துச் சொன்னார்?"

அப்பர் கதை நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. வயோதிகத்தில் வடக்கே கயிலையை நோக்கி நடக்கிறார். பாதம் தேய்கிறது, கையால் ஊன்றிப் போகிறார். கையும் ஓய்கிறது, உடம்பால் ஊர்ந்து போகிறார். முனிவர் வடிவில் இறைவன் எதிரே வந்து, மானிட உடம்போடு அங்கே போவது அரிது, திரும்பிப் போ என்கிறார். அப்பர் மறுக்கிறார். கயிலையைக் காணாமல் இந்த உடம்போடு மீள மாட்டேன் என்கிறார். இந்த இடத்தை எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா, அப்பர் திரும்பவில்லையே, அதுவல்லவா பக்தி" என்று சிலர் வாதிடுவார்கள். வாதம் சரிதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த உறுதியை மெச்சிய இறைவன் அவரை மேலே தூக்கிக்கொண்டு போகவில்லை. பக்கத்தில் இருந்த குளத்தில் மூழ்கச் சொல்கிறார். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது அங்கே, காவிரிக்கரையில். பக்தன் திரும்ப மறுத்தாலும் ஆண்டவன் அவரைத் திருப்பி அனுப்பினான் என்பதுதான் அந்த வரலாறு. அதற்குப் பிறகும் அப்பருக்குப் பாக்கியம் இல்லை என்று சொன்னவர் யாராவது உண்டா?

இன்றைக்கும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடக்கிறது. அந்தக் கோயிலுக்குள் வடகயிலாயம், தென்கயிலாயம் என்று இரண்டு கோயில்களே இருக்கின்றன. வடகயிலாயத்தை எடுப்பித்தவர் ராஜராஜ சோழனின் தேவியான உலோகமாதேவி. கயிலாயத்தைத் தன் ஊருக்குள்ளேயே வைத்திருக்கும் ஊர்க்காரரிடம் போய், நம்மவர்கள் 'நீங்கள் பார்க்கவில்லையா' என்று கேட்டிருக்கிறார்கள்!

திருப்பி அனுப்புவது ஒன்றும் புதிய முறையும் அல்ல. அரசாங்கம் லிபுலேக் வழியாக நடத்தும் மானசரோவர் யாத்திரையில் டில்லியில் ஒரு மருத்துவப் பரிசோதனை, மேலே குஞ்சியில் மறுபடியும் ஒரு பரிசோதனை. அங்கே தேறாதவர்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அமர்நாத் போவதற்கு மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் பதிவே கிடையாது. இவையெல்லாம் பட்ட பிறகு கற்ற பாடங்கள். 1996-இல் அமர்நாத் பாதையில் பனிப்புயலில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1998 ஆகஸ்டில் மானசரோவர் பாதையில் மால்பா என்ற இடத்தில் மலை சரிந்து, யாத்திரிகர்கள் சுமார் அறுபது பேர் உட்பட 200-க்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் புதையுண்டார்கள். 2025 ஆகஸ்டில் மணிமகேஷிலேயே பெருமழை. யாத்திரை நிறுத்தப்பட்டது, சாலைகள் அடித்துச் செல்லப்பட்டன, பலர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பர்மோர் பக்கம் சிக்கிக்கொண்டு, கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் போய் மீட்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் அந்தச் சாலையைப் பார்த்தபோது, ஓராண்டுக்கு முன் நாங்கள் நின்று தேநீர் குடித்த இடமா இது என்று திகைத்துப் போனேன். மழை மாதத்தில் நடக்கும் யாத்திரை இது. நிறுத்தச் சொன்னால் நிற்க வேண்டும். 'அடுத்த வருஷம் லீவு கிடைக்காது' என்பது மலைக்குச் சொல்லும் பதில் ஆகாது.

இனி அழைத்துச் செல்லப் போகும் அன்பர்களுக்கு, அடிபட்டவன் என்ற உரிமையில் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, நாட்களைக் கூட்டுங்கள். 10,000 அடிக்கு மேலே போனால், ஓர் இரவு படுக்கும் இடத்துக்கும் மறு இரவு படுக்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மணிமகேஷுக்குப் பர்மோரில் இரண்டு இரவாவது, தஞ்சோவில் ஓர் இரவு தங்குங்கள். ஏரிக்கு விடியற்காலையில் கிளம்பிப் போய், இருட்டுவதற்குள் தஞ்சோ திரும்பி வந்து படுங்கள். லீவு இல்லாவிட்டால் அந்த ஆண்டு போகாதீர்கள்.

இரண்டாவது, அறிகுறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை, இவை முதல் எச்சரிக்கை. இவை இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இடைவிடாத இருமல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே கீழே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. பிராணவாயு கொடுத்தாலும் மருந்து கொடுத்தாலும் இறங்குவதற்கு அவை ஈடாகாது. டயமாக்ஸ் என்ற மாத்திரையைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். உங்கள் குடும்ப டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, திரும்புவதைப் பற்றிக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். "யாருக்கு முடியவில்லையோ, அவரோடு நான் இறங்குவேன். அதில் யாருக்கும் வருத்தமில்லை" என்று வீட்டிலேயே, பெரியவர்கள் காதில் விழும்படியாகச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. முன்பே சொல்லியிருந்தால், தலைவலியைச் சித்தப்பா ஞாயிறு இரவே சொல்லியிருப்பார். "உன் லீவு வீணாகிவிடுமே என்று இருந்துவிட்டேன்" என்றுதான் பிறகு சொன்னார்.

நான்காவது, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நான்கு ஹிந்தி வார்த்தைகளையாவது சொல்லிக்கொடுங்கள். சிர் தர்த், சக்கர், உல்ட்டி, சாஸ். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, மூச்சு. ஒரு சீட்டில் அவர்களுடைய வயது, மருந்துகள், நம் தொலைபேசி எண் ஆகியவற்றை ஹிந்தியில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அதுவே அவர்களுக்கு நாக்கு.

போகிற போக்கில் இன்னொன்று. கௌரி குண்டத்தைச் சுற்றிலும் கழற்றிப் போட்ட ஈரத்துணிகளும் பிளாஸ்டிக் புட்டிகளும் கிடந்தன என்று என் மனைவி வருத்தப்பட்டாள். கொண்டுபோனதைக் கையோடு திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். அங்கே குப்பை வண்டி வராது.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் யாத்திரை போகிறவர்களை வழியனுப்பும்போது, நம்மில் உள்ள டாக்டர் ஒருவரை அரை மணி நேரம் பேசச் செய்யலாம். நம் சங்கத்தில் டாக்டர்களுக்கா பஞ்சம்? போய்வந்தவர்களைப் பாராட்டும்போது, ஏரியைக் கண்டவர்களோடு, கண்டிப்பாகத் திரும்பி வந்தவர்களையும், அவர்களுக்காகத் தங்கள் தரிசனத்தை விட்டுக்கொடுத்து இறங்கி வந்தவர்களையும் மேடைக்கு அழைக்கலாம். ஒரு பொன்னாடை கூடுதலாக வாங்கினால் சங்கத்தின் கஜானா காலியாகிவிடாது. ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் அடுத்த ஆண்டு யாத்திரிகர், திரும்பி வருவது தலைகுனிவு அல்ல என்பதை அன்றே தெரிந்துகொள்வார். அந்த ஒன்றே ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

2025 ஆடி அமாவாசையன்று இரவு சித்தப்பா திருவையாற்றிலிருந்து தொலைபேசியில் பேசினார். பின்னால் நாகஸ்வரச் சத்தம் கேட்டது. "கயிலாயக் காட்சி பார்த்துவிட்டுத்தான் வந்து நிற்கிறேன் தம்பி. கூட்டம் அதிகம், காலை மிதித்துவிட்டார்கள்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நீயும் என்னால் ஏரியைப் பார்க்காமல் வந்துவிட்டாய். ஒரு தரம் போய்விட்டு வா. லீவு நிறையப் போட்டுக்கொண்டு போ" என்றார்.

போகத்தான் போகிறேன். இந்த முறை பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். வழியில் எனக்கே தலை வலித்தால் இறங்கி வந்துவிடுவேன். அப்படி வந்தால், பந்தியில் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்காதீர்கள். ஒரு கை மோர் சாதம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், போதும்.